எல்லாம் அப்படியே இருக்கிறது

கொழும்பு, பேட்டை
ஆனந்த வருடம், ஆவணி 12

அருமை அக்காள் கஸ்தூரிக்கும் மாமா திருவேங்கடத்துக்கும் தம்பி நீலமேகம் இரு கையும் கூப்பி எழுதுவது.

இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்து, உனக்குக் கடிதம் படித்துச் சொல்கிற சீனிவாசன் ஐயா சிரிப்பார். சிரிக்கட்டும். ஒன்பது வருடமாக யார் யாரையோ கெஞ்சி எழுதச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நான் சொல்வது ஒன்று, அவர்கள் எழுதுவது ஒன்று. அதனால் இந்த வருடம் நானே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். உலாந்தா வெள்ளைக்காரக் கும்பினியின் சரக்குப் படகில் என்னோடு துடுப்புப் போடுகிற யாழ்ப்பாணத்துக்காரர்தான் வாத்தியார். அதற்குப் பதிலாக அவருக்கு நம் வீட்டுப் பக்குவத்தில் இறால் வறுத்துப் போடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு சண்டை நடக்கிறது, நீதான் தீர்த்து வைக்க வேண்டும். பேட்டையில் நம் பழவேற்காட்டு ஆட்கள் பதினான்கு பேர் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கும்பினியில் வேலை கிடையாது. அன்று சாயங்காலம் எல்லாரும் குப்பம்மா வீட்டுக் கொல்லையில் கூடிவிடுவோம். குப்பம்மா நம் ஊரில் கோட்டைக்குத் துணி வெளுத்த வீட்டுப் பெண், இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கூடினால் ஊர்ப்பேச்சுதான். சந்தையில் மண்பானை விற்றவனுக்கு எந்தக் கண் ஒன்றரைக்கண், கோட்டை மணி விடியற்காலையில் எத்தனை தடவை அடிக்கும், உலாந்தாக்கார மருத்துவரின் நாய்க்கு என்ன பெயர் என்று பேசிக்கொண்டே இருப்போம். சோறு ஆறுகிறது என்று குப்பம்மா கத்துவாள்.

போன வாரம் பேச்சு அப்பக்கார எல்லம்மாவிடம் வந்தது. கோட்டை வாசலுக்கு வலது பக்கம் உட்கார்ந்து அப்பம் சுட்டாள் என்கிறார் பெரியசாமி. இடது பக்கம் என்கிறான் சின்னப்பன். "நான் அவ கையால தின்னு வளந்தவன்டா, எனக்குத் தெரியாதா?"னு பெரியசாமி எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு ஐம்பது வயது, சொந்தமாகத் தோணி வைத்திருக்கிற மனிதர். இரண்டு பேரும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எந்தப் பக்கம் என்று நீ பார்த்து எழுது.

நாலு வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் பெரிய புயல் என்று பேசிக்கொண்டார்கள். அப்போது நீ அனுப்பிய கடிதத்தில் கூரை கொஞ்சம் போய்விட்டது என்று மட்டும் இருந்தது. அது போதும் எனக்கு. மாமா எப்படி இருக்கிறார்? உன் புருஷன் என்பதற்காக நீயே பதில் சொல்லிவிடாதே, ஒரு வரி தனியாக எழுதச் சொல். மூன்று வருடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன், ஒன்பது ஆகிவிட்டது. திட்டாதே.

உன் தம்பி
நீலமேகம்


பழவேற்காடு, கோட்டைக்குப்பம்
ஆனந்த வருடம், தை 9

ஒன்பது வருடமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற என் தம்பி நீலமேகத்துக்கு அக்காள் கஸ்தூரியின் ஆசீர்வாதம். நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன்னைத் திட்டுவதற்காகவாவது.

உன் எழுத்தைப் பார்த்து சீனிவாசன் ஐயா சிரிக்கவில்லை. "பரவால்லியே, நண்டு நடந்தாப்ல இருந்தாலும் படிக்க முடியுது"ன்னார். அவர் படிக்கப் படிக்க நீயே பேசுகிற மாதிரி இருந்தது. இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டதற்கு அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

உங்கள் சண்டைக்கு வருகிறேன். ஐம்பது வயது ஆளுக்கு இதுதான் வேலையா? எல்லம்மா வலதும் இல்லை, இடதும் இல்லை. வாசல் பக்கத்துப் புளியமரம் எங்கே நிழல் போடுகிறதோ அங்கே அவள் அடுப்பை நகர்த்திக்கொண்டு போவாள். காலையில் தின்றவன் ஒரு பக்கம் பார்த்திருப்பான், மாலையில் தின்றவன் மறுபக்கம் பார்த்திருப்பான். இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொல். இன்றைக்கும் அவள் அங்கேதான் இருக்கிறாள். அதே அடுப்பு, அதே வாய்.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. நம் வீடு அப்படியே இருக்கிறது. முகத்துவாரத்துக்கு நேரே இரட்டைப் பனை நிற்கிறது. கோட்டை மணி அடிக்கிறது. ஏரிக்குப் பூநாரை வந்து இறங்கிவிட்டது.

உன் மாமா சௌக்கியம். வாசலில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்க்கிறார். நீ கேட்டாய் என்று சொன்னேன், தலையை ஆட்டினார். தனியாக ஒரு வரியெல்லாம் அவர் எங்கே சொல்லப் போகிறார்? உனக்குத் தெரியாதா, அவர் வாயிலிருந்து ஒரு பேச்சு வாங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இந்த இடத்தில் சீனிவாசன் ஐயா எழுதுகிற இறகைக் கீழே வைத்துவிட்டார். கை வலிக்கிறதாம். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுதுகிறார். வயசாகிறதல்லவா?

நேரத்துக்குச் சாப்பிடு. கொழும்பு மழையில் தலை நனையாதே. எப்போது வருகிறாய் என்று இனிமேல் நான் கேட்கமாட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அக்காள்
கஸ்தூரி


கொழும்பு, பேட்டை
ராட்சஸ வருடம், சித்திரை 20

அக்காளுக்கும் மாமாவுக்கும் உங்கள் நீலமேகம் கும்பிட்டு எழுதுவது.

உன் கடிதத்தைக் குப்பம்மா கொல்லையில் நின்று சத்தமாகப் படித்தேன். புளியமர நிழல் என்று வந்ததும் பெரியசாமி தலையில் அடித்துக்கொண்டார். "ஆமாண்டா, ஆமாண்டா, சாயங்காலத்துல இந்தப் பக்கம் இருப்பா"ன்னார். சின்னப்பன் அவர் தோளில் சாய்ந்து அழுதான். நாற்பது வயது ஆள் ஓர் அப்பக்காரிக்காக அழுவதை நீ பார்த்ததில்லையே. குப்பம்மா அடுப்படிக்குப் போய் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். எல்லாம் அப்படியே இருக்கிறது என்று நீ எழுதிய இடத்தை மட்டும் நாலு தடவை படிக்கச் சொன்னார்கள்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. திருப்பாலைவனத்துக்காரன் ஒருவன் பங்குனியில் கப்பலில் வந்து இறங்கினான். நம் பக்கத்து ஆளாயிற்றே என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டோம். அவன் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, இரட்டைப் பனை புயலில் போய்விட்டது, முகத்துவாரம் வடக்கே நகர்ந்துவிட்டது, குப்பத்தில் பாதி காணோம் என்று ஆரம்பித்துவிட்டான். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. "இன்னாடா கதை உடுற? எங்க அக்கா தை மாசம் எழுதிக்கீது, பாருடா"ன்னு உன் கடிதத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். எல்லாரும் சேர்ந்து போட்ட கூச்சலில் அவன் சோற்றில் கை வைக்காமலே எழுந்து போய்விட்டான். நெல் வயலில் கிடந்தவனுக்கு முகத்துவாரத்தைப் பற்றி என்ன தெரியும்?

இப்போது பெரிய சேதி. உட்கார்ந்துகொள்.

நாங்கள் வருகிறோம். உன் கடிதம் செய்த வேலை இது. பெரியசாமியின் தோணியில் பதினோரு பேர், ஆனி ஐந்தாம் தேதி தெற்குக் காற்றில் கிளம்புகிறோம். நாகப்பட்டினத்தில் தண்ணீர் பிடிக்க நாலைந்து நாள் நிற்போம். அடுத்தது சதுரங்கப்பட்டினம், அப்புறம் நம் ஊர்தான். சுக்கான் என் கையில். முகத்துவாரத்துக்குள் எப்படி நுழைவாய் என்று பெரியசாமி கேட்டார். இரட்டைப் பனையைக் கோட்டைக் கொடிமரத்துக்கு நேராக வைத்துக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டு வருவேன் என்றேன். நைனா என்னை ஏழு வயதில் தூக்கிப் படகின் முன்முனையில், அணியத்தில் நிற்க வைத்துக் காட்டிய குறி, மறக்குமா? அலை எவ்வளவு இருந்தாலும் சரி, அந்தக் குறியில் ஓட்டினால் அடியில் ஆழம் இருக்கும்.

மாமாவிடம் சொல், இனிமேல் அவரோடு நான்தான் ஏரிக்கு வருவேன். அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

உன் தம்பி
நீலமேகம்


பழவேற்காடு
ராட்சஸ வருடம், வைகாசி 24
நாகப்பட்டினத்துக்குப் போகிற கும்பினித் தபால்காரன் கையில்

நீலமேகம்,

இந்தக் கடிதத்தைத் தோணியில் எல்லாரும் கேட்கச் சத்தமாகப் படிக்காதே. தனியாகப் படி. நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துகொள்.

முதலில் உயிர் விஷயம். இரட்டைப் பனை இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் ஐப்பசிப் புயலில் இரண்டும் வேரோடு போய்விட்டன. முகத்துவாரம் மண் மூடி, வடக்கே அரை நாழிகை நடை தூரத்தில் புதிதாகத் திறந்துகொண்டது. பழைய வாய் இருந்த இடத்தில் இப்போது மணல்திட்டு, அதன்மேல் அலை உடைகிறது. இன்னும் கேள். தெற்கே கோயில் தோப்பில் இரண்டு பனை நெருக்கமாக நிற்கிறது. கடலில் இருந்து பார்த்தால் அதுதான் நம் இரட்டைப் பனை என்று தோன்றும். அதைக் கொடிமரத்துக்கு நேரே வைத்து ஓட்டினால் நேராகத் திட்டில் போய் ஏறுவாய். போன வருடம் ஒரு சரக்குத் தோணி அப்படித்தான் வந்து உடைந்தது. ஏழு பேரில் நாலு பேர்தான் கரைக்கு வந்தார்கள். அதனால் உள்ளே வராதே. வெளியே நங்கூரம் போட்டு நில்.

அந்தத் திருப்பாலைவனத்து ஆள் சொன்னது அத்தனையும் நிஜம். பொய் சொன்னது நான்.

இப்போது அடுத்ததைச் சொல்லவேண்டும். சீனிவாசன் ஐயா காத்துக்கொண்டிருக்கிறார்.

உன் மாமா இல்லை, நீலமேகம். அதே புயலில் போய்விட்டார். படகை மேட்டுக்கு இழுக்கப் போனவர். மூன்றாம் நாள் ஏரியின் வடகரையில் கிடைத்தார். நம் வீடும் அன்றைக்கே போயிற்று. நான் இப்போது மேட்டுத் தெருவில் ஒரு குடிசையில் இருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். புயலுக்கு அப்புறம் வந்த உன் முதல் கடிதத்தில், மாமா சுகமா என்று இருந்தது. சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஐயா இறகைத் தொட்டுக்கொண்டு என் வாயைப் பார்த்தார். "சௌக்கியம்னு எழுதுங்க"ன்னு வந்துவிட்டது. அவர் திடுக்கிட்டுப் போய், "அம்மா, செத்தவருக்கு சௌக்கியம் எழுதலாமா?"ன்னார். "எழுதுங்க"ன்னேன். எழுதிப் படித்துக் காட்டினார். உன் மாமா சௌக்கியம், வாசலில் உட்கார்ந்து வலை பார்க்கிறார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? வருடத்தில் இரண்டு தடவை, ஐயா படிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் அவர் வாசலில் இருந்தார். அதைக் கைவிட எனக்கு மனசு வரவில்லை. பிறகு நீங்கள் எல்லாரும் அதைக் கேட்டு அழுகிறீர்கள், சிரிக்கிறீர்கள் என்று எழுதினாய். இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். எல்லம்மா அடுப்போடு இருக்கிறாள் என்றதும் பொய், அவளுக்குக் கண் போய்விட்டது. இரண்டு வருடமாக அவள் அப்பம் சுடுவதில்லை.

என் ஆசைக்காகச் சொன்ன பொய் உன்னைத் திட்டில் கொண்டுபோய் மோத வைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல், கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

கஸ்தூரி


பழவேற்காடு
ராட்சஸ வருடம், ஆனி 14
சதுரங்கப்பட்டினத்துக் கும்பினிக் கிடங்கில், கொழும்புத் தோணி வந்தால் கொடுக்கவும்

தம்பி,

நாகப்பட்டினத்துக்குப் போட்ட கடிதம் உன் கையில் சேர்ந்ததா என்று தெரியவில்லை. தபால்காரன் வழியில் காய்ச்சலில் படுத்துவிட்டான், வேறு ஆள் வாங்கிப் போனான் என்கிறார்கள். அதனால் மறுபடியும் சொல்கிறேன். தெரிகிற பனையை நம்பாதே. உள்ளே வராதே, வெளியே நில். மற்றது எல்லாம் நேரில்.

தினமும் விடிந்ததும் கரைக்குப் போகிறேன். தெற்கே எந்தப் பாய் தெரிந்தாலும் தண்ணீரில் இறங்கிவிடுகிறேன். நேற்று ஒரு நெல் தோணிக்காரனைப் பார்த்து "உள்ள வராத, வராத!"ன்னு கத்திக்கொண்டே ஓடினேன். அவன் பத்து வருடமாக இந்தத் துறைக்கு வருகிறவனாம். பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

கஸ்தூரி

எழுதுகிறவன் சீனிவாசன் சேர்ப்பது: ஐயா நீலமேகம், பொய்யை எழுதிய கை என்னுடையது. உமது தமக்கை ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கோபத்தில் பாதியை எனக்கு வைத்துக்கொண்டு, எங்கிருந்தாலும் ஒரு வரி போடும்.


நாகப்பட்டினம்
ராட்சஸ வருடம், ஆனி 18

அக்காளுக்கு,

கடிதம் கிடைத்தது. இறங்கிய அன்றே கிடைத்தது. நாலு நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

மாமா பெயரைச் சொல்லிக் கடலில் முழுக்குப் போட்டேன். செத்து நாலு வருடம் ஆன மனிதருக்கு நேற்று முழுக்கு. இந்த நாலு வருடமும் அவருக்குக் கும்பிடு எழுதியிருக்கிறேன். தலையை ஆட்டினார் என்று நீ எழுதினாய், நான் அதைப் படித்துச் சிரித்தேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. நீ தனியாக அழுதிருக்கிறாயே, உனக்கு ஒரு தம்பி எதற்கு? ஒரு வரி எழுதியிருந்தால் கிடைத்த கப்பலில் ஏறி வந்திருப்பேனே! வந்திருப்பேனா என்று நேற்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மூன்று வருடம் என்று சொல்லிவிட்டு ஒன்பது இருந்தவன்தானே நான். அதனால் இன்னும் கோபம் வருகிறது.

எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அன்றைக்குத் தோணியில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் சண்டை. ஊரே இல்லாத ஊருக்கு எதற்குப் போகவேண்டும் என்று ஐந்து பேர் கொழும்புக்குப் போகிற கப்பலில் இடம் பிடித்துவிட்டார்கள். சின்னப்பனும் போய்விட்டான். "என் மனசுல கீற ஊரு எனக்குப் போதும்பா. அத்தப் போய்க் கெடுத்துக்க மாட்டேன்"னு சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அவனைத் தடுக்கவில்லை. போகிறவனிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அந்தத் திருப்பாலைவனத்து ஆளைத் தேடிப் பிடித்துக் குப்பம்மா வீட்டில் உட்கார வைத்து வயிறாரச் சோறு போட வேண்டும், என் சார்பில் மன்னிப்பும் கேட்கவேண்டும்.

மிச்சம் ஆறு பேர். பெரியசாமி, "வந்தது வந்துட்டோம், பாத்துட்டாச்சும் போலாம்"ன்றார். அதனால் வருகிறோம். ஆனால் இறங்குவேனா என்று இப்போது சொல்ல முடியாது. வெளியே நின்று பார்ப்பேன். பார்க்கத் தாங்கவில்லை என்றால் அப்படியே திரும்பிவிடுவேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உள்ளே வர நீ ஏதாவது புதுக் குறி எழுதி அனுப்புவாய். ஆறு பேர் உயிர் என் கையில் இருக்கிறது. நாலு வருடம் என்னை ஏமாற்றிய வாய் சொல்கிற குறியை நம்பி நான் எப்படிச் சுக்கானைத் திருப்புவேன்? நீயே சொல்.

நீலமேகம்


பழவேற்காடு, புது முகத்துவாரத்துக் கரை
ராட்சஸ வருடம், ஆடி 6
கட்டுமரக்காரன் கையில்

தம்பி நீலமேகம்,

உன் தோணி நங்கூரம் போட்டிருப்பது இங்கிருந்து தெரிகிறது. மேலே ஆறு தலை எண்ணினேன். சுக்கான் பக்கம் நிற்பது நீயா என்று தெரியவில்லை, இவ்வளவு தூரத்தில் எல்லாத் தலையும் ஒன்றுதான். சீனிவாசன் ஐயா மணலில் உட்கார்ந்து, தொடைமேல் பலகை வைத்து எழுதுகிறார். காற்றில் காகிதம் பறக்கிறது, நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதம் கழித்து இன்றைக்குத்தான் மூச்சு ஒழுங்காக வருகிறது.

உன் கேள்வி நியாயம். என் சொல்லை நம்பி வராதே. இந்தக் கடிதம் கொண்டுவருகிறவனைக் கேள். அவன் தினமும் இந்த வாய் வழியாகப் போய் வருகிறவன். உன்னை அவனுக்குத் தெரியாது, நீ அழுவாயே என்ற கவலை அவனுக்குக் கிடையாது. நான் சொல்வதும் அவன் சொல்வதும் ஒத்துப்போனால் வா.

நான் சொல்வது இது. கரையில் இரண்டு மூங்கில் நட்டிருக்கிறேன். முன்னால் இருப்பது குட்டை, தண்ணீர் ஓரத்தில் நிற்கிறது. பின்னால் இருப்பது நெட்டை, மேட்டில் நிற்கிறது. நெட்டைக் கம்பில் உன் மாமாவின் வெள்ளை வேட்டி கட்டியிருக்கிறது. நாலு வருடமாக மடித்து வைத்திருந்தேன். இன்றைக்கு எடுத்துக் கட்டும்போது அழவில்லை. இரண்டு கம்பும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிகிற வரைக்கும் வடக்கே வந்து, அப்புறம் உள்ளே திரும்பு. வெயில் மேற்கே சாயும்போது நீர் ஏறும். அதுவரை பொறு. கம்புகளை நேற்றும் இன்றும் கட்டுமரத்தில் வெளியே போய் நானே பார்த்துவிட்டுத்தான் ஊன்றினேன். எத்தனை வயதானாலும் நானும் நைனா மகள்தான்.

இறங்குவதா வேண்டாமா என்று யோசிக்கிறாயே, இங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இனிப்பு ஒன்றும் கலக்கவில்லை. குப்பத்தில் முப்பது வீடு போயிற்று, பதினெட்டு திரும்ப எழும்பியிருக்கிறது. புளியமரத்தில் ஒரு கிளைதான் மிச்சம். எல்லம்மாவுக்குக் கண் இல்லை, ஆனால் மருமகள் மேட்டுத் தெரு முனையில் அப்பம் சுடுகிறாள். எல்லம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வாசனையை வைத்தே "திருப்புடி, கருகுது"ன்னு அவள் உயிரை வாங்குகிறாள். கோட்டை மணியில் விரிசல், முன்னைப்போல் கணீரென்று கேட்காது. பூநாரை வருவது மட்டும் அன்றைக்கு எழுதியதிலும் பொய் இல்லை.

உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த நிஜம் ஒன்றும் இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று வருடா வருடம் குலுக்கிப் போடுகிற பாடு முறையில், உன் பெயர் இன்னும் இருக்கிறது. ஊரில் இல்லாதவனுக்கு என்ன பாடு என்று மூன்று வருடமாகக் கத்துகிறார்கள். "வருவான், என் தம்பி வருவான், பேரை எடுத்தீங்கன்னா இங்கியே உக்காந்துடுவேன்"னு நான் நடுவில் போய் உட்கார்ந்துவிடுவேன். பெண்பிள்ளை வந்து உட்காருகிற இடமா அது? இருந்தாலும் உட்கார்ந்தேன். மிச்சம் எல்லாம் பொய் சொன்னேன், இதை மட்டும் உன்னிடம் சொல்லக்கூட இல்லை. நீ வராமல் போனால் எனக்குத் தாங்காது என்றுதான். இந்த வருடம் உனக்கு விழுந்திருப்பது நல்ல இடம். ஆவணியில் முறை.

கடைசியாக ஒன்று. குட்டைக் கம்புக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் ஒருத்தி நிற்பாள். அதுதான் நான். தலை நரைத்துவிட்டது, உடம்பு பருத்துவிட்டது, முன்பல் ஒன்று போய்விட்டது. நானும் அப்படியே இல்லை. "இன்னாக்கா இப்டி ஆயிட்ட"ன்னு நீ கேட்பாய் என்று பயந்தே பாதிப் பொய் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. கேள், பரவாயில்லை. கரைக்கு வந்து கேள்.

கஸ்தூரி


அதே காகிதத்தின் பின்பக்கம்
தோணியிலிருந்து, அதே நாள்

அக்காளுக்கு,

கட்டுமரக்காரனைக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். கேட்காமலே விட்டுவிட்டேன்.

பெரியசாமி மட்டும் எனக்குத் தெரியாமல் அவனைக் கேட்டிருக்கிறார். அவன் சொன்னதும் நீ சொன்னதும் ஒன்றுதானாம். கோபம் இன்னும் தீரவில்லை. அதை இவ்வளவு தூரத்திலிருந்து கத்தினால் உனக்குக் கேட்காது, பக்கத்தில் வந்துதான் கத்த வேண்டும். நீர் ஏறியதும் வருகிறோம். ஆறு பேருக்கும் சோறு வை.

தண்ணீரில் நிற்கிற அந்த அம்மா யார் என்று பெரியசாமி கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை, ஊருக்குப் புதுசு போலிருக்கிறது, போய் யாரென்று விசாரிப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

நீலமேகம்